அகப்படாதவன் ஏன் ஒப்புக்கொண்டான்?

ஆப்பிரிக்க நாவல்களில் குற்ற உணர்வு. இதுதான் ஞானசிகாமணியின் ஆய்வுத் தலைப்பு. கல்லூரியில் பாடம் நடத்திக்கொண்டே, ஐம்பது வயதுக்கு மேல் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தவர். நெறியாளர் தில்ஷாத் அவரைவிட இளையவர். ஆனாலும் ஞானசிகாமணி கைகட்டித்தான் நிற்பார்.

அன்று ஆய்வேட்டில் நெறியாளரின் கையெழுத்து வாங்க வந்திருந்தார்.

"ஒண்ணு மட்டும் பிடிபடல மேடம். இந்த கானா நாவல்ல கோஜோ தன் அண்ணனோட படகைக் கொளுத்துறான். யாரும் பார்க்கல. யாரும் சந்தேகப்படல. அப்புறம் ஏன் கல்யாணப் பந்தியில எழுந்து நின்னு தானே ஒப்புக்கிறான்?"

"நீங்க என்ன எழுதியிருக்கீங்க?"

"ஆழ்மனம், அது இதுன்னு பக்கம் பக்கமா எழுதியிருக்கேன். எனக்கே நம்பிக்கை வரல."

தில்ஷாத் பேனாவை மூடினார். "லைப்ரரி வரைக்கும் போகணும். வாங்க சார், பேசிக்கிட்டே போவோம்."

ஆனால் வழியில் ஒரு வார்த்தை பேசவில்லை. நூலகத்தில் இலக்கியப் பகுதியைத் தாண்டி, நேராகக் கோழி வளர்ப்பு அலமாரிக்குப் போனார். பின்னால் வந்த ஞானசிகாமணி சட்டென்று நின்றார்.

நிற்காமல் என்ன செய்வார்? அந்த நாவலுக்கு நூலகத்தில் ஒரே பிரதிதான். சக ஆய்வாளர் ஜெயசீலி அதைத் தேட ஆரம்பித்ததும், கோழிப் புத்தகங்களுக்குப் பின்னால் சொருகி வைத்த புண்ணியவான் இவர்தான். ஊரெல்லாம் தேடி அலைந்த அவள், ஆய்வையே விட்டுவிடப் போவதாக அழுதபோது, ஆறுதல் சொல்லிக் காப்பி வாங்கிக் கொடுத்தவரும் இவர்தான். விஷயம் வெளியே வந்தால் கையெழுத்தும் போச்சு, மானமும் போச்சு.

தில்ஷாத் அலமாரியை நோக்கிக் கையை நீட்டினார்.

"நான்தான் மேடம்," என்றார் ஞானசிகாமணி. "பொறாமை. ஜெயசீலி என்னைவிட நல்லா எழுதுறா." கையை உள்ளே விட்டு நாவலை உருவினார். தூசியில் தும்மல் வந்தது. கூடவே அழுகையும் வந்தது. வெட்கமாகத்தான் இருந்தது, ஆனால் ரொம்ப நாளைக்குப் பிறகு நிம்மதியாகவும் இருந்தது.

தில்ஷாத் நாவலை வாங்கிக்கொள்ளவில்லை. ஜெயசீலியிடம் அவரே கொண்டுபோய்க் கொடுத்து, நடந்ததைச் சொல்லிவிட்டு வந்தால் கையெழுத்துப் போடுவதாகச் சொன்னார்.

ஞானசிகாமணி தலையாட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "உங்களுக்கு எப்படி மேடம் தெரிஞ்சுது?"

"எனக்கு எங்க சார் தெரியும்? வீட்டுல கோழிக்குக் கழிச்சல். மருந்து பார்க்க வந்தேன்."