சிப்பிகளுக்கு அணிவகுப்பு வைத்த தளபதி

கடலைத் தன் கொல்லைக் குளம் என்று நம்பிய ஓர் அரசர் இருந்தார். பெயர் திரையவேள், ஊர் நெய்தலங்குடி. நல்ல மனிதர்தான், மகுடம் மட்டும் கொஞ்சம் பெரிது. அதில் நூற்றெட்டு முத்துகள். அவர் தலையைத் திருப்பினால் மகுடம் சற்றுத் தாமதித்தே திரும்பும்.

அரண்மனைக்குக் கீழே உப்பங்கழியில் அவருடைய சிப்பிப் பண்ணை இருந்தது. அதைப் பார்த்துக்கொண்டவள் பவளாயி, முத்துக் குளிப்பவர் வீட்டுப் பெண். அவள் செய்த வேலை வேலை மாதிரியே தெரியாது. சிப்பிகளின் மேல் பாசியை வழித்துவிடுவாள். நெருங்கிக் கிடந்தால் தள்ளி வைப்பாள். பிறகு கரையில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஒரு நாள் அரசர் ஆசைக்கு ஒரு சிப்பியைப் பிளந்து பார்த்தார். உள்ளே நூலிழை போல ஒரு புழு. தம் அனுமதி இல்லாமல் தம் சிப்பிக்குள் நுழைந்தது யார் என்று கேட்டார். பக்கத்தில் நின்ற தளபதி மழவராயர் வாளில் கை வைத்தார். அந்த நாட்டில் முப்பது ஆண்டுகளாகப் போர் இல்லை. ஒரு பகைவனுக்காக அவர் ஏங்கிப் போயிருந்தார். பகைவன் புழு அளவில் வந்தது அவருக்குக் குறையாகப் படவில்லை.

அன்றே பண்ணை படையின் கைக்குப் போனது. சிப்பிகளை ஓட்டோடு ஓடு உரச, இடைவெளி இல்லாமல் அணிவகுக்க வைத்தார்கள். காலை, நண்பகல், மாலை மூன்று வேளையும் கரையேற்றிச் சோதனை. ஒவ்வொரு சிப்பியின் வாயிலும் மர ஆப்பைச் செருகித் திறந்து, வீரன் ஒருவன் எட்டிப் பார்த்து, “பகை இல்லை” என்றோ “பகை உண்டு” என்றோ கூவுவான். பவளாயி ஒரே ஒரு முறை குறுக்கிட்டாள்.

“அதுங்களக் கொஞ்சம் சும்மா விடுங்கய்யா.”

தளபதி அதைத் துரோகப் பேச்சு என்று மனத்தில் குறித்துக்கொண்டார்.

ஒரு மாதத்தில் பாதிச் சிப்பிகள் செத்தன. மீதியில் “பகை உண்டு” என்ற கூவலே கேட்டது. யாரோ உள்ளிருந்து கதவைத் திறந்துவிட்டார்கள் என்று தளபதி முறையிட்டார். அந்த நாட்டில் பழைய சட்டம் ஒன்று உண்டு: கோட்டைக்குள் பகை புகுந்தால், வாயில் காத்தவரைக் கல்லைக் கட்டிக் கடலில் இறக்கிவிட வேண்டும். சிப்பிக்கு வாயில் காத்தவள் பவளாயிதானே?

அவளைச் சபைக்குக் கொண்டுவந்தார்கள். கூடவே கல்லும் வந்தது. பவளாயி அதைத் தடவிப் பார்த்தாள். அவள் அப்பனும் கல்லைக் கட்டிக்கொண்டுதான் தினமும் கடலில் இறங்கினார். அவரை மேலே இழுக்கக் கயிற்றின் மறுமுனையில் ஆள் இருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

அரசருக்கு வெற்றிலை மடித்துக் கொடுக்கும் ஆதப்பன் அப்போது ஒரு வெற்றிலையின் காம்பைக் கிள்ளிக்கொண்டிருந்தான். பகைவரைத் தன்னிடம் வைத்திருப்பவருக்கு என்ன தண்டனை என்று மெதுவாகக் கேட்டான். அதே கல்தான் என்றார் தளபதி, யோசிக்காமல்.

“அப்படியானால் அரசர் மகுடத்தைக் கழற்றிவிடுவது நல்லது” என்றான் ஆதப்பன்.

பிறகு விளக்கினான். புழு உள்ளே வந்தால் துரத்தச் சிப்பிக்குக் கை இல்லை, வெட்ட வாள் இல்லை. தன்னிடம் இருக்கும் ஒளியைப் பூசுகிறது. மேலே இன்னொரு பூச்சு, அதற்கும் மேலே இன்னொன்று. புழு மறைந்து முத்தாகிறது.

“உங்கள் தலையில் நூற்றெட்டுப் பகைவர்கள் இருக்கிறார்கள், அரசே.”

அரசர் மகுடத்தை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டார். “உயிரோடா?”

“இல்லை அரசே, மெருகோடு. பதுக்கி வைத்தது இல்லை, சிறை வைத்தது. அதனால் உங்களுக்குக் கல் தேவைப்படாது. வாயிலும் காவலும் சிறையும் சிப்பியேதான். பவளாயி பாசி வழிப்பவள்.”

அரசர் மகுடத்திலிருந்து கைகளை எடுத்தார். தளபதி விடவில்லை. சிப்பி அவ்வளவு கெட்டிக்காரி என்றால் ஏன் சாகிறது என்று கேட்டார். அதைக் கண்டுபிடிக்க மூன்று நாள் வேண்டும் என்றான் ஆதப்பன். கூடவே ஒரு மரியாதையும் முன்மொழிந்தான். தளபதியின் உடம்பும் அரசரின் சொத்து. அதற்குள் என்ன புகுந்திருக்கிறதோ யாருக்குத் தெரியும்? சிப்பிகளுக்குத் தரும் அதே காவலை அவருக்கும் தர வேண்டும். தாமே மெச்சிய காவலை மறுக்கத் தளபதிக்கு வழி இல்லை.

இரண்டு தடித்த வீரர்களுக்கு நடுவே அவரை நெருக்கி நிறுத்தினார்கள். மூன்று வேளையும் வாயில் ஆப்பு. எட்டிப் பார்த்து, “பகை இல்லை” என்று கூவினார்கள். இரண்டாம் நாள் ஓர் ஈ உள்ளே போனது. “பகை உண்டு” என்று கூவி, அது வெளியே வரட்டும் என்று திறந்தே வைத்திருந்தார்கள். இன்னொரு ஈ போனது. மூன்றாம் நாள் தொண்டை வீங்கிக் காய்ச்சல் கண்டது. வைத்தியர் கஷாயத்தோடு வந்தார். அது சோதனை வேளை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அன்று மாலை தளபதி சபைக்கு வந்து, ஆப்பைத் தம் கையாலேயே பிடுங்கி எறிந்தார்.

“அரசே, என்னை வாயை மூட விடுங்கள். உள்ளே வந்ததை நான் பார்த்துக்கொள்கிறேன்.”

ஆதப்பன் வெற்றிலையை மடித்து நீட்டினான். “ஒரு மாதமாகச் சிப்பிகள் இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கின்றன, அரசே. பாவம், பிடுங்கி எறிய அவற்றுக்குக் கை இல்லை.”

அரசர் சிரிக்கத் தொடங்கினார். படை பண்ணையை விட்டு வெளியேற வேண்டும், பவளாயி திரும்ப வேண்டும் என்று சிரிப்புக்கு நடுவிலேயே ஆணையிட்டார். என்ன பரிசு வேண்டும் என்று அவளைக் கேட்டார். அந்தக் கல்லைக் கொடுத்தால் போதும், முக்குளிக்க எடை சரியாக இருக்கிறது என்றாள். அதைக் கேட்டு அவர் இன்னும் குலுங்கிச் சிரிக்க, மகுடம் சரிந்தது. ஒரு முத்து கழன்று விழுந்து, படிகளில் இறங்கி, பவளாயியின் காலைத் தாண்டி வாசலை நோக்கி உருண்டது. நான்கு வீரர்கள் அதன் பின்னால் பாய்ந்தார்கள்.

அரசர் கையை உயர்த்தினார்.

“விடுங்கள், போகட்டும். அவனுடைய தண்டனைக் காலம் முடிந்திருக்கும்.”