காற்று அடித்தும் சுற்றாதவை

மின்சாரச் சந்தைக்கு விதி எழுதியவர் தாணுலிங்கம். விலை குறைத்துக் கேட்கும் மின்நிலையத்திடம் முதலில் வாங்கு. கடைசியாக யாருடைய மின்சாரம் தேவைப்படுகிறதோ, அவர் கேட்ட விலையையே எல்லோருக்கும் கொடு. அப்போது எல்லோரும் செலவைக் குறைக்கப் போட்டி போடுவார்கள். கேட்க அழகாகத்தான் இருந்தது.

ஆனால் விலை ஏறிக்கொண்டே போனது. அன்று அந்திக்குள் அது இறங்காவிட்டால் அவர் ஊருக்கு மின்சாரம் வாங்கக் கட்டுப்படியாகாது. வீட்டில் அவர் மனைவி மூச்சு இயந்திரத்தோடு படுத்திருந்தார். அதன் பேட்டரியை நம்ப முடியாது.

பதறியடித்துக்கொண்டு, கணவாயில் தனியாக வாழ்ந்த குரு சொரூபராணியிடம் ஓடினார். சீடரைவிடக் குருவுக்கு வயது குறைவு. வெட்கப்பட அது நேரமில்லை.

"அம்மா, ஆடிக் காத்து இந்த அடி அடிக்குது. காத்துக்கு யாரும் காசு கேக்கல. பின்னே எப்படி விலை ஏறுது?"

"வாங்க சார், மேட்டுக்குப் போயி பாப்போம்."

மேட்டில் காற்று அவர் வேட்டியைப் பிடுங்கியது. பனைகள் தலைவிரித்து ஆடின. எதிரே சரிவு முழுக்கக் காற்றாலைகள். ஒன்றுகூட அசையவில்லை.

யாரோ பிடித்து வைத்தது போல நின்ற அந்த இறக்கைகளைப் பார்க்க அவருக்குப் பயமாக இருந்தது. எங்கிருந்தோ ஓர் உறுமல் வந்தது. காலடி மண் அதிர்ந்தது.

"அது என்ன சத்தம்?"

"டீசல் மின்நிலையம். இந்தக் காத்தாலை முதலாளியோடதுதான்."

"காத்தை விட்டுட்டு டீசலையா எரிக்கான்? கிறுக்கனா அவன்?"

"இது எல்லாம் சுத்தினா டீசல் தேவைப்படாது. நின்னாத்தான் கடைசி ஆளா டீசல் உள்ள வரும். மலைக்கு அந்தப் பக்கம் அவனோட மத்த காத்தாலை எல்லாம் சுத்துது சார். அதுக்கும் இப்போ டீசல் விலைதான்."

அந்தி சாய்ந்தது. கீழே ஊரில் ஒரு தெரு விளக்கணைந்து இருண்டது. பிறகு அடுத்தது. பிறகு அவருடைய தெரு.

"ஐயோ!" என்று அலறினார் தாணுலிங்கம். "அவனைப் பிடிச்சு உள்ளே தள்ளணும்! இப்பவே!"

"தள்ளலாம் சார்," என்றார் சொரூபராணி. "உங்க விதியில அவன் எதை மீறினான்?"