இரண்டு முழச் சிவப்பு நூல்

குன்னூர் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஓர் உல்லன் கடை. அதன் மாடியில் ரோசலின் டீச்சர் ஸ்வெட்டர் பின்னக் கற்றுக்கொடுத்தாள். நாற்பது வயது இருக்கும். அந்தச் செங்குத்து மரப்படியை இரண்டிரண்டாகத் தாண்டி ஏறி வருவாள்.

அவளிடம் ஐந்தாறு பெண்கள் கற்றார்கள். ஓர் ஆணும் கற்றார். மாசிலாமணி. அறுபத்துமூன்று வயது. முப்பது வருடம் மலைப்பாதையில் பஸ் ஓட்டியவர். மனைவி இறந்து பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது.

ஒரு வரிசை முடிந்து அவர் ஊசியைத் திருப்பும்போதெல்லாம் பக்கத்தில் இருக்கும் குமுதா சொல்வாள்:

"வளைவு வருதுண்ணே. ஹாரன் அடிங்க."

"மேலே ஏறுற வண்டிக்கு வழி விடும்மா" என்பார் அவர்.

அவரிடம் ஒரு பிஸ்கட் டின் இருந்தது. பின்னுகிறவர்களுக்குத் தேவையானது எல்லாம் அதில் உண்டு. கண்ணிகளை எண்ணி நடுவில் அடையாளம் வைக்கச் சின்ன வளையங்கள். ஊசியின் பருமன் பார்க்க ஓட்டை போட்ட தகடு. வைத்துவிட்டுப் போகும்போது கண்ணி நழுவாமல் இருக்க ஊசிமுனைக்கு ரப்பர் மூடி. பாதிக் கண்ணிகளைத் தனியே பிடித்து வைக்கப் பெரிய ஊக்குகள். வரிசைக்கு ஒரு தடவை திருகினால் எண் மாறும் ஒரு குமிழும் இருந்தது. அதை அவர் மீட்டர் என்பார்.

இத்தனை இருந்தும் ஒரு குட்டி ஸ்வெட்டரின் முதுகுப் பக்கத்தை நான்கு முறை பின்னி நான்கு முறையும் பிரித்துவிட்டார்.

ஐந்தாவது முறை பாதியில் நிறுத்திவிட்டுக் கேட்டார்:

"டீச்சர், இன்னும் என்ன சாமான் வாங்கணும்?"

டீச்சர் டின்னை எட்டிப் பார்த்தாள். "கடையே இங்கதானே இருக்கு. எதுக்கு இன்னும்?"

"அளவு சரியா வரலை."

"யாரு அளவு?"

"ஆறு வயசுப் பொண்ணு. பொதுவா எத்தனை கண்ணி போடுவாங்க?"

"பொதுவான பொண்ணுக்குக் குளிராதே அண்ணே. இது யாருக்கு?"

மாசிலாமணி மீட்டரைத் திருகினார். அந்த வரிசை இன்னும் முடியவில்லை.

"பேத்திக்கு" என்றார்.

"பேர் என்ன?"

குமுதாவின் ஊசிச் சத்தம் நின்றது.

"தெரியாது டீச்சர்" என்றார். "பொண்ணு, ஆறு வயசுன்னு மட்டும் தெரியும். என்கூட ஓடுன கண்டக்டர் ஒருத்தர் சொன்னார்."

ஒரே மகள் சுகந்தி. தானே ஒருவனைப் பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டாள். மாலையும் கழுத்துமாக வாசலில் வந்து நின்றவளை அவர் உள்ளே வா என்று சொல்லவில்லை. அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு போய்விட்டாள். ஏழு வருடம். மேட்டுப்பாளையத்தில்தான் இருக்கிறாள். வேலையில் இருந்த கடைசி நான்கு வருடமும் அவர் அவள் தெருமுனையைத் தாண்டித்தான் பஸ் ஓட்டினார். அந்த இடம் வந்தால் கண்ணாடியில் பின்னால் வரும் வண்டியைப் பார்ப்பார்.

டீச்சர் சிவப்பு உருண்டையிலிருந்து இரண்டு முழம் நூலை அளந்து வெட்டி அவர் கையில் கொடுத்தாள்.

"குழந்தை மார்பைச் சுத்தி இதை வச்சு, முட்டுற இடத்தில ஒரு முடிச்சுப் போட்டுக் கொண்டு வாங்க."

"டேப் இருக்கே டீச்சர்."

"டேப்புல நம்பர் இருக்கு. நம்பரைப் போன்ல யார்கிட்ட வேணாலும் கேட்டு வாங்கிடலாம். இதுல நம்பர் இல்லை."

அவர் நூலை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து முடிச்சோடு வந்தார். டீச்சர் அதை வாங்கினாள்.

"பேர் என்னவாம்?"

"கேக்க மறந்துட்டேன்."

டீச்சர் அவர் முகத்தையே பார்த்தாள்.

"எதிர் வீட்டுப் பாப்பா" என்றார் அவர். "அதுக்கும் ஆறு வயசுதான் டீச்சர்."

"அப்ப ஸ்வெட்டரையும் அதுக்கே கொடுத்துடுங்க."

அவர் தலை குனிந்தார். டீச்சர் முடிச்சை நகத்தால் பொறுமையாக அவிழ்த்தாள். நூலை நீவி, மறுபடி அவரிடம் நீட்டினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவருடைய வலது கால் பிரேக்கைத் தேடியது. மலையடியில் கல்லாறு தாண்டியதும் வெயில் ஏறியது. தெருமுனையில் இறங்கி, கண்டக்டர் அடையாளம் சொல்லியிருந்த வீட்டை இரண்டு முறை தாண்டிப் போய்த் திரும்பி வந்தார்.

சுகந்தி கதவைத் திறந்தாள். காதோரம் நரைத்திருந்தது. அதை அவர் எதிர்பார்க்கவில்லை.

உள்ளே வாங்க என்று அவளும் சொல்லவில்லை.

"என்னப்பா?"

அவர் பையிலிருந்து நூலை எடுத்துக் காட்டினார்.

"பாப்பாவுக்கு அளவு எடுக்கணும். ஸ்வெட்டருக்கு."

அவள் நூலைப் பார்த்தாள். அவர் கையைப் பார்த்தாள். உள்ளே திரும்பி, "வெண்பா, இங்க வா" என்றாள்.

அப்போதுதான் அவருக்குப் பெயர் தெரிந்தது.

குழந்தை வந்து, "யாரும்மா?" என்றது.

சுகந்தி அவர் கையிலிருந்த நூலைக் காட்டினாள். "அளவு எடுக்க வந்திருக்காங்க."

"டெய்லர் தாத்தாவா?"

"ஆமாம்மா" என்றார் மாசிலாமணி.

அவர் வாசற்படியில் மண்டியிட்டார். கைகளைத் தூக்கச் சொன்னார். நூல் அக்குளில் பட்டதும் குழந்தை நெளிந்து சிரித்தது. நூல் நழுவியது. மறுபடி சுற்றினார். மறுபடி சிரித்தது. முடிச்சுப் போடுவதற்குள் அவருக்குக் கண்ணை நீர் மறைத்தது. முடிச்சு எங்கே விழுந்தது என்று விரலால் தடவித்தான் தெரிந்துகொண்டார்.

எழுந்தபோது சுகந்தி ஒரு சொம்புத் தண்ணீரை நீட்டினாள். நின்றபடியே குடித்துவிட்டு வந்தார்.

மறுநாள் வகுப்பில் அவர் முதலில் சொன்னது, "டீச்சர், பேர் வெண்பா."

டீச்சர் முடிச்சிட்ட நூலை இரண்டாக மடித்துப் பின்னலின் மேல் வைத்தாள். பின்னல் இரண்டு விரற்கடை குறைந்தது.

"நான் நினைச்சதைவிட வளந்துட்டா" என்றார் அவர். ஐந்தாவது முறையாகப் பிரிக்க ஆரம்பித்தார். அந்த முறை சிரித்துக்கொண்டே பிரித்தார்.

"கை நீளமும் நேத்தே எடுத்திருக்கலாம்ல டீச்சர்? ஒரே நூலைக் குடுத்துட்டீங்க."

"எல்லாத்தையும் ஒரே நாள்ல எடுத்திருந்தா, ஒரு நாள்தானே போயிருப்பீங்க" என்று இன்னொரு நூலை வெட்டினாள்.

கை நீளத்துக்குப் போனபோது சுகந்தி நாற்காலியை வாசலுக்கு எடுத்துப் போட்டாள். உயரத்துக்குப் போனபோது நாற்காலி உள்ளே இருந்தது. டெய்லர் தாத்தா இல்லை, வெறும் தாத்தா என்று குழந்தைக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

மார்கழி பிறப்பதற்குள் முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கைகள் எல்லாம் முடிந்து ஒன்றாகத் தைத்தாயிற்று. கழுத்து மட்டும் மீதி. அதன் கண்ணிகள் பெரிய ஊக்குகளில் காத்துக்கொண்டிருந்தன. இந்த முறை டீச்சரிடம் நூல் கேட்கவில்லை அவர். ஸ்வெட்டரை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே, வண்டி பிரேக்டவுனா?" என்றாள் குமுதா.

அவர் டீச்சரைப் பார்த்துச் சொன்னார்: "போன வாரம் சுகந்தி ஒண்ணு கேட்டா. மேட்டுப்பாளையம் வெயில்ல ஸ்வெட்டரை எங்கப்பா போடுறதுன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலை. வாசல் வரைக்கும் வந்தவளை உள்ள விடாதவன் நான். அந்த வீட்டுக்கு வான்னு எந்த வாயால கூப்பிடுறது?"

டீச்சர் ஸ்வெட்டரை வாங்கி, ஊக்குகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள்.

"கழுத்து நூல்ல அளக்குற விஷயம் இல்லை. தலையில போட்டுப் பாத்துத்தான் முடிக்கணும். அதை நான்தான் பாக்கணும். டீச்சருக்கு முட்டி வலி, மலை இறங்க முடியாது, பாப்பாவைக் கூட்டிட்டு வான்னு சொல்லுங்க."

மாசிலாமணி மரப்படியைப் பார்த்தார். பிறகு டீச்சரைப் பார்த்தார்.

"உங்களுக்கு முட்டி வலியா டீச்சர்?"

"அவங்க வந்து சேர்ற வரைக்கும் வலிக்கும்."