புங்கமரத்தடியில் ஓர் இடம்

"தோட்டத்தைப் பூட்டப் போறேன், அம்மா" என்றார் மாசிலாமணி. "உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் பூட்டலாம்னு வந்தேன்."

கையில் புதுப் பூட்டு. கடைக்காரர் சுற்றிக் கொடுத்த காகிதத்தைக்கூட அவர் இன்னும் பிரிக்கவில்லை.

அவர் அம்மா என்று அழைத்த திலகவதியம்மாவுக்கு அவரைவிட இருபது வயது குறைவு. மலையடிவாரத்து மடத்தில் தனியாக இருப்பவர். நாலு வார்த்தை ஆறுதலாகச் சொல்லத் தெரியாதவர் என்று ஊரில் அவர்மேல் ஒரு குறை உண்டு. இருந்தும் மாசிலாமணி பதினோரு வருஷமாக அவரிடம்தான் போய்க்கொண்டிருந்தார். போனதில் எதையும் கற்றுக்கொண்ட மாதிரித் தெரியவில்லை.

"ஏன் பூட்டணும்?"

"தையல்நாயகி போய் முழுசா மூணு மாசம் ஆகலை. சித்திரை பொறந்ததும் ஜனங்க வந்துட்டாங்க. சிரிக்கிறாங்கம்மா. மல்லிகையைப் பறிச்சுத் தலையில வச்சுக்கிறாங்க. அவ உக்காந்த கல்லுலயே உக்காந்து தயிர்சாதம் சாப்பிடுறாங்க. என்னால பார்க்க முடியலை."

"அவங்களுக்குக் கதவைத் திறந்து விட்டது யாரு?"

"அவதான். எதிர்ல ஆஸ்பத்திரி. துணைக்கு வந்தவங்க இந்த வெயில்ல எங்க போவாங்க, கோடை ரெண்டு மாசமும் கதவு திறந்தே கிடக்கட்டும்னு சொன்னா."

"தோட்டத்துல உங்க வீட்டம்மா என்ன பண்ணுவாங்க?"

"அவளா? சாயங்காலமானா புங்கமரத்தடிக் கல்லுல உக்காந்திருப்பா. பக்கத்துல கையால தட்டி, 'அஞ்சு நிமிஷம் வந்து உக்காருங்களேன்'னு கூப்பிடுவா."

"போவீங்களா?"

"எனக்கு ஏதும்மா நேரம்? இந்தப் பாத்தி முடியட்டும்னு சொல்வேன். பதினெட்டு வருஷம் ஒத்த ஆளா நின்னு உண்டாக்கின தோட்டம். அவளுக்காகத்தானே பண்ணேன்."

இதைச் சொல்லும்போது மாசிலாமணியின் நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

திலகவதியம்மா எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார்.

"வாங்க. பூட்டுறதுக்கு முன்னாடி தோட்டத்தைப் பார்த்துடலாம்."

இருவரும் போய்ச் சேர்ந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. கதவோரத்துப் படியில் திலகவதியம்மா உட்கார்ந்துகொண்டார். பூட்டை வாங்கி மடியில் வைத்தார். மாசிலாமணியின் இடுப்பில் செருகியிருந்த களைக்கொத்தையும் கேட்டு வாங்கினார்.

"நீங்க மட்டும் உள்ள போங்க. வந்தவங்க மாதிரி ஒரு சுத்து பார்த்துட்டு வாங்க. அப்புறம் பூட்டிக்கலாம்."

இதென்ன பெரிய காரியம் என்று மாசிலாமணி உள்ளே போனார். நாலடி வைக்கவில்லை, செம்பருத்தி அடியில் கோரை முளைத்திருந்தது. குனிந்தார்.

"வெளிய வாங்க" என்று சத்தம் வந்தது.

"கோரைம்மா. விட்டா பரவிடும்."

"வந்தவங்க யாராவது கோரை பிடுங்கினாங்களா?"

வெளியே வந்தார். மறுபடி போனார். இந்தத் தடவை ரப்பர் குழாய் ஒரு மடிப்பில் முறுக்கிக் கிடந்தது. அதைக் காலால்தான் நிமிர்த்தினார். கையால் தொடவில்லையே என்று ஒரு சாமர்த்தியம்.

"வெளிய வாங்க."

அதற்குப் பிறகு ஒரு பழுத்த இலை. அதற்குப் பிறகு சாய்ந்த பந்தல்கால். அதற்குப் பிறகு எதற்காகக் குனிந்தார் என்று அவருக்கே தெரியவில்லை. தோட்டத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு, பெரியவருக்கு என்ன ஆயிற்று என்று பார்த்தார்கள். வெட்கமாக இருந்தது. கோபமாகவும் இருந்தது. வெறும் கையை என்ன செய்வது என்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அப்படியே நடந்தார்.

கொன்றை மஞ்சளாகச் சொரிந்து கிடந்தது. சற்றுமுன் யாரோ தண்ணீர் தெளித்த மண்ணிலிருந்து வாசம் எழுந்தது. மல்லிகைப் பந்தலில் சாயங்கால மொட்டுகள் அவிழத் தொடங்கியிருந்தன. வெளியே தார்ரோடு கொதித்துக்கொண்டிருக்க, இங்கே காற்று குளிர்ந்திருந்தது. அவர் உண்டாக்கிய குளிர்ச்சிதான். இதுவரை அவர் மேல் பட்டதில்லை.

புங்கமரத்தடிக்கு வந்தார். பூ உதிர்ந்து, தரையில் பொரி சிந்தின மாதிரி இருந்தது.

கல்லில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். மடியில் ஆஸ்பத்திரிச் சீட்டுகள், பக்கத்தில் வயர்க்கூடை. அழுது அழுது கண் வீங்கியிருந்தது. டப்பாவில் தயிர்சாதம் பாதி அப்படியே இருந்தது. மரத்தில் இரண்டு அணில்கள் சண்டை போட்டதைப் பார்த்து, அந்த முகத்தோடேயே லேசாகச் சிரித்தாள்.

மாசிலாமணி நிற்பதைக் கவனித்ததும் கூடையை எடுத்துக் கீழே வைத்தாள். காலியான இடத்தைக் கையால் தட்டினாள்.

"உக்காருங்கய்யா. இடம் இருக்கு."

அவர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். திலகவதியம்மா இந்தப் பக்கம் பார்க்கவே இல்லை.

உட்கார்ந்தார்.

கல் சில்லென்று இருந்தது. அங்கிருந்து பார்த்தால் எல்லாப் பாத்தியும் தெரிந்தது. செம்பருத்தி, கனகாம்பரம், மல்லிகை, கிணற்றடிக் கீரைப்பாத்தி, ஒன்று விடாமல் தெரிந்தது.

எந்தப் பாத்தியிலும் ஆள் இல்லை.

பதினெட்டு வருஷமும் தையல்நாயகி இங்கே உட்கார்ந்து யாரைப் பார்த்துக்கொண்டிருந்தாள் என்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது.

அந்தப் பெண் டப்பாவை மூடிக் கூடையில் வைத்தபிறகு, ஏதாவது கேட்கவேண்டுமே என்று கேட்டாள்.

"இந்தத் தோட்டத்துக்கு மொதத் தடவையா வர்றீங்களாய்யா?"

"ஆமாம்மா" என்றார் மாசிலாமணி.