தரையில் ஓடின பரிசல்

சிரிக்கத் தயாரா இரு. ஆனா இப்பவே சிரிச்சா கதை கிடையாது, முதல்ல கோவப்படணும்.

ஒரு ஊர்ல ஒரு ஆறு. ஆத்தோரத்துல பூவாயின்னு ஒருத்தி, அவளுக்கு ஒரு துண்டு நெலம். அப்புறம் ஆத்துக்குக் குறுக்கே அணை கட்டினாங்க. தண்ணி ஏறி ஏறி, வீடு போச்சு, களம் போச்சு, பூவாயி நெலமும் முழுகிப் போச்சு. ஊரையே கொண்டுபோய்ப் பாறைமேட்டுல போட்டாங்க. தண்ணியெல்லாம் எங்கயோ இருக்கிற டவுனுக்கு. நெலத்தைக் குடுத்தவங்களுக்கு ஒரு குடம் கிடையாது! நியாயமாடா?

"ம்."

என்னடா "ம்"? நியாயமா?

"ம்ஹூம்."

அப்படிச் சொல்லு!

அப்புறம் ஒரு வருஷம் மழையே இல்ல. நீர்த்தேக்கம் வத்தி, பூவாயி நெலம் வெளிய வந்துடுச்சு. ஓடிப்போய்க் கம்பு விதைச்சா. அப்போ வந்தான் அணைக்கட்டு ஓவர்சியர் தண்டபாணி. மூக்காலயே பேசுவான். "ஙேய்! தண்ணிக்குள்ள விதைக்கக் கூடாது!"

"தண்ணி எங்க சாமி?"

"சட்டப்படி இருக்கு!"

அப்புறம் களை எடுத்தா. "ஙேய்! தண்ணிக்குள்ள களை எடுக்கக் கூடாது!" பரிசல் இல்லாம யாரும் இறங்கக் கூடாதுன்னு ஒரு பலகையும் நட்டுட்டான். அப்புறம் கதிர் முத்திச்சு. "ஙேய்! நாளைக்குத் தீ வச்சுடுவேன்!"

தண்ணிக்குள்ள தீயாம்! அவ பிள்ளைங்களுக்கு அந்த வருஷக் கஞ்சியே அந்தக் கம்புதான். வயிறு எரியுமா, எரியாதா?

மறுநாள் தீப்பெட்டியோட வந்தான். ஊரே கரைல நிக்குது. பூவாயி கும்பிட்டா. "பலகை உங்களுக்கும்தானே சாமி? நீங்க நடந்து இறங்கினா இது தரைன்னு ஆயிடுமே. அப்போ நாங்களும் இறங்குவோமே!"

திருதிருன்னு முழிச்சான். "ஙேய்! கொண்டா பரிசலை!"

காஞ்ச தரைல பரிசல். உள்ள ஓவர்சியர், கையில குடை. நாலு பொம்பளைங்க இழுக்கிறாங்க, சர்ர்ர்... சர்ர்ர்...

"ஙேய்! நீங்க மட்டும் நடக்கிறீங்களே?"

"நீந்தறோம் சாமி!"

"அலை வருது, கெட்டியாப் பிடிங்க!"ன்னா பூவாயி. பிடிச்சான். "கீழ எங்க வீட்டுக் கூரை, காலை மடக்குங்க!" மடக்கினான். "ஐயோ, சுழல்! கண்ணை மூடுங்க!" மூடினான். கிர்ர்ர்ர்னு பரிசலைச் சுத்திவிட்டா.

அப்போ ஊரே அருவாளோட இறங்கிச்சு. சரக், சரக், சரக்!

"ஙேய்! என்ன சத்தம்?"

"மீன் துள்ளுது சாமி."

"பெரிய மீனா?"

"பெரிய கூட்டம் சாமி! கண்ணைத் திறந்தா வாந்தி வரும்."

சுத்து நின்னுச்சு. திறந்தான். கம்பங்காட்டுல வெறும் தாள்! கதிரெல்லாம் கட்டுக் கட்டாக் கரையேறுது. குடையை வீசிட்டுக் குதிச்சான், மண்ணாங்கட்டி இடறித் தொபுக்கடீர்! வாய் நிறையப் புழுதி. துப்பினான். தரையைத் தட்டிப் பாத்தான். இன்னொரு தரம் தட்டிப் பாத்தான்.

"ஙேய்! அடியே! இங்க தண்ணியே இல்லையேடி!"

கதை கரையேறிடுச்சு, நீ கண்ணை மூடு.