ஊரே விருந்தாளியான கதை

மேழிநாட்டு ராஜா வல்லபராயருக்கு ஒரு பலவீனம் உண்டு. வெளியூர்க்காரன் வாயால் தன் நாட்டைப் புகழக் கேட்டால் போதும், மனுஷர் அன்றைக்குச் சாப்பாடே கேட்க மாட்டார். அதற்காகவே ஓர் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். கிழக்கு வாசல் வழியாக எந்த வெளியூர்க்காரன் நுழைந்தாலும் ஒன்பது நாள் அரண்மனை விருந்தாளி. மாலை, பல்லக்கு, நெய் மிதக்கும் பொங்கல், குடிக்க மலைச் சுனையிலிருந்து யானை சுமந்து வரும் தண்ணீர்! இவ்வளவும் அனுபவித்துவிட்டு எவன் குறை சொல்வான், சொல்லுங்கள்?

அப்படி வந்து போன காங்கேயர் என்ற யாத்திரிகர், "மேழிநாடு பூலோக சொர்க்கம். இதன் தண்ணீர் தேன்" என்று எழுதிக் கொடுத்தார். ராஜா அதைக் கல்லில் வெட்டி ஊர்க் கிணற்றடியில் நட்டுவிட்டார். நட்ட இடம்தான் தப்பு. அந்தக் கிணற்றுத் தண்ணீரில் பருப்பே வேகாது, அத்தனை உப்பு.

மோர் விற்கிற பூவாயி குடத்தோடு அங்கே வந்தாள். கல்லில் என்ன எழுதியிருக்கிறது என்று காவல்காரனைக் கேட்டாள். அவன் படித்துக் காட்டியதும் சிரித்துவிட்டாள்.

"தேனா? இதை எழுதின புண்ணியவான் இந்தத் தண்ணியில வாயாவது கொப்புளிச்சிருப்பாரா?"

அவ்வளவுதான். பிடித்துக்கொண்டு போய் ராஜா முன்னால் நிறுத்திவிட்டார்கள்.

"வெளியூர்க்காரருக்குத் தேன், உனக்கு மட்டும் உப்பா?" என்று ராஜா குதித்தார்.

"அவரு வந்து போறவரு மகராசா. நான் தினமும் குடிக்கிறவ."

"எழுதுங்கள் ஆணையை! இந்த நாட்டில் குடியிருக்கும் எவர் குறை சொன்னாலும், அந்தக் கணமே அவர் இந்த ஊர்க்காரர் இல்லை. மேற்கு வாசல் வழியாக வெளியே!"

பூவாயி ஆடிப்போனாள். "ஐயோ மகராசா, என் மாடு நிறைமாசம். இன்னைக்கோ நாளைக்கோ கன்னு போடும். அதை விட்டுட்டு நான் எங்கே போவேன்?" என்று அழுதாள். ராஜா மசியவில்லை.

சபையில் மருதப்பன் இருந்தான். ராஜாவையே கிண்டல் பண்ணிச் சம்பளம் வாங்குகிற ஆள். அவனுக்கு மனசு கேட்கவில்லை. மேற்கு வாசல் வரை பூவாயியோடு நடந்து போய், அவள் காதில் ஏதோ சொல்லிவிட்டு வந்தான்.

மத்தியானம் கிழக்கு வாசலில் தாரை தப்பட்டை முழங்கியது. புது விருந்தாளி! ராஜா ஆசை ஆசையாகப் பல்லக்கு அருகே ஓடினார்.

"எங்கள் நாடு எப்படி இருக்கிறது?"

"சொர்க்கம் மகராசா! தண்ணி தேன்!"

ராஜா பூரித்துப் போனார். அப்புறம்தான் திரையை விலக்கிப் பார்த்தார்.

"அடியே, நீ பூவாயி இல்லையா?"

"ஊர்க்காரி இல்லேன்னு நீங்கதானே காலையில துரத்தினீங்க? அதான் வெளியூர்க்காரியா வந்துட்டேன். ஊர்ல பார்க்க வேண்டிய இடம் ஒரு மாட்டுத்தொழுவம் இருக்காமே, அங்கே முதல்ல இறக்கச் சொல்லுங்க."

ராஜா மருதப்பனை முறைத்தார். மருதப்பன் வானத்தைப் பார்த்தான்.

"சரி, ஒன்பது நாள் இருக்கட்டும். பத்தாம் நாள் இவள் போயே ஆக வேண்டும்!"

ஆனால் பூவாயி பல்லக்கில் போனதை ஊரே பார்த்துவிட்டதே! மறுநாள் விடிந்ததும் மேற்கு வாசலில் குறை சொல்ல வரிசை நின்றது.

"எங்க தெருவுல முழங்கால் ஆழத்துக்குப் பள்ளம்!"

"சரி, வெளியே போ."

"கொசுத்தொல்லை!"

"போ, போ."

ஒருவனுக்குக் குறையே அகப்படவில்லை. தலையைச் சொறிந்துவிட்டு, "கோயில் யானை என்னைப் பார்த்து முறைக்குது" என்றான். அவனையும் அனுப்பினார்கள். கடைசியில் வாசல் காவலனே, "நின்னு நின்னு கால் வலிக்குது" என்று சொல்லி, தன்னைத்தானே துரத்திக்கொண்டு கிழக்கே ஓடினான். சமையல்காரர், பல்லக்குத் தூக்கி, யானைப்பாகன், மந்திரி எல்லோரும் விருந்து மண்டபத்தில் இலை முன்னால் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். மிச்சம் இருந்தது இரண்டே பேர், ராஜாவும் மருதப்பனும்.

"மருதப்பா, நீ ஏன் போகவில்லை?"

"எனக்கு ஒரு குறையும் இல்லையே மகாராஜா! பசி மட்டும்தான். அதைச் சொல்லலாமா?"

மண்டபத்திலிருந்து, "தண்ணி! தண்ணி!" என்று கூச்சல். சுனைக்குப் போக யானைப்பாகன் இல்லை. ராஜாவே குடத்தைத் தூக்கிக்கொண்டு ஊர்க் கிணற்றுக்குப் போனார். கை காய்க்க இறைத்தார். தாகத்தில் இரண்டு கை அள்ளிக் குடித்தார்.

"தூ! தூ! என்ன கர்மம் இது? வாயில் வைக்க முடியவில்லையே!"

மருதப்பன் பவ்யமாகக் கை கட்டி நின்றான்.

"மகாராஜா, மேற்கு வாசல் அந்தப் பக்கம்."

"டேய், நான் ராஜா!"

"ஆணையில் 'குடியிருக்கும் எவர் குறை சொன்னாலும்' என்றுதானே இருக்கிறது? தாங்களும் இங்கேதானே குடியிருக்கிறீர்கள்? கவலை வேண்டாம், கிழக்கே சுற்றி வாருங்கள். நான் ஒருத்தன் இருக்கிறேன், மாலை போட்டுவிடுகிறேன். அப்புறம் தண்ணீர் தேனாக இருக்கும்."

ராஜா குடத்தைக் கீழே வைத்தார். கிணற்றைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். அன்றைக்கே ஆணை கிழிந்தது. பூவாயி தன் வீட்டுக்கே திரும்பினாள். மாடு கிடாரிக் கன்று போட்டிருந்தது. மருதப்பனுக்குப் பட்டு அங்கவஸ்திரம் கிடைத்தது.

இரண்டு மாதத்தில் மலைச் சுனையிலிருந்து வாய்க்கால் வெட்டிக் கிணற்றடியில் படி வைத்துப் பெரிய தொட்டி கட்டினார்கள். பழைய கல்லைப் பிடுங்கித் துணி துவைக்கப் போட்டார்கள். புதுக் கல் தயாராக நின்றது. சிற்பி உளியோடு காத்திருந்தான்.

"பூவாயி, இந்தத் தடவை நீ சொல்வதைத்தான் வெட்டப்போகிறோம். தண்ணீர் எப்படி?" என்று ராஜா கேட்டார்.

பூவாயி ஒரு வாய் குடித்தாள்.

"தண்ணி நல்லாத்தான் இருக்கு மகராசா. படிதான் உசரம், குடத்தோட ஏறினா முட்டி வலிக்குது."

ராஜாவுக்கு முகம் சிவந்தது. வாயைத் திறந்தார். மருதப்பன் கையில் ஒரு மாலையோடு கிழக்கு வாசல் பக்கம் நடக்க ஆரம்பித்தான்.

"டேய் சிற்பி!" என்று ராஜா அலறினார். "கல்லை விடு, முதலில் படியைச் செதுக்கு!"