சம்பாவுக்குத் திங்கள், எள்ளுவுக்குச் செவ்வாய்

மலைமேல் இருக்கிற எங்கள் மடத்து முற்றத்தில் ஒரு தட்டைக்கல் உண்டு. மத்தியானப் பந்தி உட்காருவதற்கு முன்னால் அந்தக் கல்லில் ஒரு பிடி சோறு வைக்க வேண்டும். வைரவன் பிடி என்று பெயர். ஒரு பிடி என்றால் ஒரு பிடிதான். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. பதினோரு வருஷமாக அதை உருட்டிக் கொடுப்பவன் நான். ஏன் ஒன்று என்று ஒருநாளும் கேட்டதில்லை. அடுப்படி வேலையே எனக்குக் கழுத்துமட்டும் கிடக்கிறது.

அந்தச் சோற்றைத் தின்ன மடத்தில் இரண்டு நாய்கள். ஒரே ஈற்றில் பிறந்த பொட்டைகள். செவலையாக இருப்பது சம்பா. கறுப்பு எள்ளு. சம்பா முதலில் வாய் வைக்கும். எள்ளு தள்ளி உட்கார்ந்திருக்கும். பாதி தின்றதும் சம்பா நகர்ந்துகொள்ளும், மிச்சத்தை எள்ளு நக்கி முடிக்கும். மூன்று வருஷம் இப்படி ஓடிற்று. யாரும் அதைக் கவனித்ததுகூட இல்லை.

கவனித்தவர் ஆவுடையப்பன்.

அவர் போன தை மாதம் மடத்துக்கு வந்து சேர்ந்தவர். அறுபத்து மூன்று வயது. பஸ் டிப்போவில் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி போன பிறகு இரண்டு மகன்கள் வீட்டிலும் மாதாமாதம் முறை வைத்து இருந்திருக்கிறார். பெரியவன் வீட்டில் ஒரு மாதம், சின்னவன் வீட்டில் ஒரு மாதம். பிப்ரவரி சின்னவன் பங்கில் விழுந்து நாள் குறைந்தது என்று மார்ச்சில் அவனுக்கு இரண்டு நாள் கூடப் போட்டுக் கொடுத்தாராம். அதில் பெரியவனுக்குக் கோபம். ஒருவனைச் சமாதானம் செய்தால் அடுத்தவன் முறைத்தான். கடைசியில் தெருவில் நின்று சட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் இருந்தால்தானே சண்டை என்று பையைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிட்டார். இதையெல்லாம் என்னிடம் சொல்லிவிட்டு, நான் ஒருநாள்கூட முறை தவறினதில்லை என்று நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். எனக்கு அவர்மேல் பாவமாகத்தான் இருந்தது.

வந்த வாரமே பிடி வைக்கிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். நாலு நாள் பார்த்தார். எள்ளு எச்சில்தானே தின்கிறது என்று அவருக்கு மனசு ஆறவில்லை. கரித்துண்டை எடுத்து அடுப்படிச் சுவரில் எழுதிவிட்டார். திங்கள் சம்பா, செவ்வாய் எள்ளு. ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் விரட்டிவிட்டுக் காக்காய்க்கு. எள்ளுவின் நாளில் சம்பாவைக் கழுத்தைப் பிடித்து நிறுத்துவார். சம்பாவின் நாளில் எள்ளுவை. நாய்க்குக் கிழமை தெரியுமா ஐயா என்று நான் கேட்டேன். பழகிக்கொள்ளும் என்றார்.

பழகத்தான் செய்தன, வேறு மாதிரி. முதலில் கல்லடியில் உறுமின. பிறகு அவர் அறை வாசலில். பிறகு அவர் செருப்பை மாட்டினாலே போதும், இரண்டும் ஓடிவந்து அவர் காலடியில் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். அடிபட்டதை மடியில் போட்டுத் தடவுவார், அடித்ததை அதட்டுவார். மறுநாள் அது மாறிவரும். அந்த மனுஷன் தூக்கம் கெட்டு இளைத்துப் போனார். மலையேறி வந்தவருக்கு வாசலில் காத்திருக்க அந்த இரண்டு ஜீவன்களை விட்டால் வேறு யாரும் இல்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை பிடியை வைத்துவிட்டு நிமிர்ந்தார். அவ்வளவுதான். சம்பா எள்ளுவின் தொண்டையைக் கவ்விவிட்டது. நான் உலைப்பானைக்கு வைத்திருந்த தண்ணீரைத் தூக்கி ஊற்றினேன். விடவில்லை. ஆவுடையப்பன் நடுவில் கையைக் கொடுத்துவிட்டார். நாய்ச்சண்டையில் கையைக் கொடுக்காதீர் என்று கத்தினேன், காதில் விழுந்தால்தானே. உள்ளங்கை இரண்டு பக்கமும் பொத்துப்போயிற்று. கல்லில் சோறு அப்படியே இருந்தது. இரண்டும் அதை மோந்துகூடப் பார்க்கவில்லை.

மடத்தின் தலைமை உலகம்மாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். மடத்துக்கு வருமுன் கால்நடை மருந்தகத்தில் புண்ணுக்குக் கட்டுப்போடும் வேலையில் இருந்தவர். எல்லோருக்கும் அம்மா, ஆவுடையப்பனுக்கும் அம்மாதான். அவர் பதிலுக்கு அண்ணாச்சி என்பார். எள்ளுவின் தொண்டைக்கு அம்மாவே தையல் போட்டார்.

துணி சுற்றிய கையோடு ஆவுடையப்பன் அம்மா முன்னால் வந்து நின்றார்.

"ரெண்டுல ஒண்ணை அனுப்பிரணும் அம்மா. இல்லைன்னா எள்ளு செத்துப்போகும்."

"எதை அனுப்பணும்?"

அவர் அழுதுவிட்டார். பிறகு, "சம்பாவை" என்றார். எஸ்டேட்டில் தெரிந்த டிரைவர் ஒருவர் லோடு ஆட்டோவில் ஏற்றிப்போகச் சம்மதித்திருப்பதாகவும் சொன்னார்.

அம்மா சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நாய்க்கடி ஊசி ஐந்தும் போட்டு முடிகிறவரை கீழே ஊரில் இருக்கிற மடத்துச் சத்திரத்திலேயே தங்குங்கள், கடைசி ஊசி அன்றைக்கு ஆட்டோவோடு வாருங்கள் என்றார். அவ்வளவுதான் பேச்சு. அவர் இறங்கிப்போகையில் நாலு இடத்தில் நின்று திரும்பிப் பார்த்தார்.

அதன்பிறகு அம்மா செய்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். சம்பாவை விறகுக் கொட்டிலிலும் எள்ளுவைச் சாமான் அறையிலும் போட்டுக் கதவைச் சாத்தினார். சோறு உள்ளேயே, தனித்தனியாக. கல்லில் வைத்த பிடியைக் காக்காய் தின்றது. ஒன்று படுத்த சாக்கை எடுத்து மற்றதுக்கு விரித்தார். புண் ஆறின பிறகு ஆளுக்கு ஒன்றைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு நானும் அவரும் தோப்பைச் சுற்றினோம். முதலில் ஓடைக்கு அந்தக் கரையில் ஒன்று, இந்தக் கரையில் ஒன்று. தினமும் கொஞ்சம் கிட்டத்தில். யாரும் அவற்றைப் பேர் சொல்லிக் கூப்பிடக் கூடாது, கொஞ்சக் கூடாது என்று கட்டளை. ரசத்துக்குப் புளி கரைக்க ஆளில்லாமல் நான் நாயைக் கூட்டிக்கொண்டு திரிந்த கதையை யாரிடம் சொல்ல.

கடைசி ஊசி அன்று காலையில் ஆட்டோ வந்தது. ஆவுடையப்பன் இறங்கினார். கையில் சம்பாவுக்கு வழியில் கொடுக்க ஒரு பிஸ்கட் பொட்டலம். கேட் பூட்டியிருந்தது. அம்மா உள்ளே வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு, சத்தம் காட்டாமல் கேட் சந்து வழியாகப் பாருங்கள் என்று சைகை செய்தார்.

அவர் குனிந்து பார்த்தார்.

மரத்தடி நிழலில் சம்பா கால் நீட்டிப் படுத்திருந்தது. அதன் முதுகில் மோவாயை வைத்துக்கொண்டு எள்ளு தூங்கிக்கொண்டிருந்தது. கயிறு இல்லை. நடுவில் கதவு இல்லை.

அவர் முகத்தை நான் இந்தப் பக்கமிருந்து பார்த்தேன். பேய் அறைந்த மாதிரி இருந்தார். வாய் திறந்தபடி இருந்தது. பிறகு சந்தோஷம் பொங்கிவிட்டது பாவம், அடக்க முடியாமல் கூப்பிட்டுவிட்டார்.

"சம்பா! எள்ளு!"

இரண்டும் எழுந்தன. கேட்டுக்கு ஓடிவந்தன. நாலெட்டில் எள்ளு நின்றது. சம்பாவைப் பார்த்து உதட்டைத் தூக்கிப் பல்லைக் காட்டியது எள்ளுதான். சம்பாவின் பிடரிமயிர் அதற்கப்புறம்தான் சிலிர்த்தது. அம்மா ஒரு பலகையை இரண்டுக்கும் நடுவில் இறக்கினார். நான் கதவைத் திறந்து பிடித்தேன், எள்ளு சாமான் அறைக்குள் போயிற்று. சம்பா பலகைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டது.

ஆவுடையப்பன் பிஸ்கட் பொட்டலத்தைப் பார்த்தார். அது இன்னும் பிரிக்காமலே இருந்தது.

"எள்ளு... எள்ளா முதல்ல?"

"முதல்ல இருந்தே" என்றார் அம்மா. "நீங்க பின்னால நிக்கும்போது மட்டும்."

ஆட்டோக்காரர் ஹாரனை ஒருமுறை அமுக்கினார். எதை ஏற்ற வேண்டும் என்று கேட்டார். ஆவுடையப்பன் கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவரைப் பார்க்க முடியாமல் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

பிறகு அவர் சொன்னார்.

"விளங்கிட்டு அம்மா. நாய் ரெண்டும் இங்க இருக்கட்டும். நான் போயிருதேன். நான் இருந்தாத்தானே சண்டை."

சொல்லிவிட்டு ஆட்டோப் பக்கம் நடந்தார். ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தும்விட்டார்.

அம்மா பூட்டைத் திறந்தார்.

"அண்ணாச்சி, நீங்க வீட்டை விட்டு வந்து எத்தனை மாசம்?"

"ஒம்பது."

"பிள்ளைக ரெண்டு பேரும் இப்பப் பேசிக்கிடுதாங்களா?"

அவர் அப்படியே நின்றார், ஒரு கால் வண்டியில், ஒரு கால் தரையில். இரண்டு மாதம் முந்தி சின்னவன் வீட்டுக் காதுகுத்துக்குப் பெரியவன் வரவில்லை என்று என்னிடம் சொன்னவர் அவர்தான்.

"இல்லை" என்றார்.

அம்மா கேட்டை அகலத் திறந்துவைத்தார்.

"விலகிப் போய்ப் பாத்தாச்சுல்லா. இனி உள்ள வந்து பாருங்க. அந்தப் பொட்டலத்தை வண்டியிலேயே வச்சிட்டு, பங்கு போட ஒண்ணும் இல்லாம கையை வீசிக்கிட்டு வாங்க."